குட்டி பிடிவாதம் பிடிக்கவில்லை, புறவாசல்தான் தூரம்

கேள்வி: எங்கள் வீடு இலஞ்சியில் இருக்கிறது. தார்சா, பட்டாசாலை, இரண்டாங்கட்டு, அடுக்களை, புறவாசல் என்று நீண்டு போகிற பழைய வீடு. இரண்டு வாரத்துக்கு முன்னால் கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு சிப்பிப்பாறை நாய்க்குட்டி வாங்கி வந்தோம். பெட்டைக் குட்டி, இப்போது இரண்டரை மாதம். வீடு முழுக்க ஒன்றுக்குப் போகிறது. பத்தமடைப் பாயைக்கூட விட்டுவைக்கவில்லை. வெளியே கொண்டுபோய்க் கால் மணி நேரம் நிறுத்தினாலும் சும்மா நின்றுவிட்டு, உள்ளே வந்ததும் போகிறது. என் வீட்டுக்காரர் அது போன இடத்தில் மூக்கைத் தேய்த்து, செய்தித்தாளைச் சுருட்டி அடித்தார். இப்போது பத்தாயத்துக்குப் பின்னால் ஒளிந்துபோய்ப் போகிறது. அவர் வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்தாலே நின்ற இடத்தில் விட்டுவிடுகிறது. சாரல் தொடங்கியதிலிருந்து வெளியே இறங்கவே மாட்டேன் என்கிறது. அத்தை, "கொண்டுபோய்க் கொடுத்துட்டு வாங்க" என்கிறார்கள். எத்தனை நாளில் பழகும்? வாய்க்கால் கரைக்குக் கூட்டிப் போய்ப் பழக்கலாமா?

ஒரு வாசகி, இலஞ்சி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கொண்டுபோய்க் கொடுக்க வேண்டாம். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், இரண்டரை மாதக் குட்டி எப்படி இருக்குமோ அப்படித்தான் அது இருக்கிறது. பாளையங்கோட்டையில் என்னிடம் குட்டியைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் ஊசி போட்டு முடித்து, செருப்பு மாட்டுகிற நேரத்தில் தயங்கித் தயங்கிக் கேட்பது இதைத்தான். கூச்சப்பட வேண்டிய விஷயமே இல்லை.

உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது உங்கள் வீட்டின் நீளம். அந்தப் பக்கத்து வீடுகளுக்குள் நான் போயிருக்கிறேன். தெருவாசலில் நின்று பார்த்தால் புறவாசல் வெளிச்சம் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குத்தான் தெரியும். ஒரு சாண் உயரக் குட்டிக்கு அது எவ்வளவு தூரம் என்று யோசித்துப் பாருங்கள். வழியில் நான்கைந்து வாசல்படி. ஒவ்வொன்றிலும் முன்காலைத் தூக்கி வைத்து, வயிறு இடித்து, பின்காலை இழுத்துக்கொண்டு ஏற வேண்டும். முட்டிக்கொண்டு வரும்போது அது புறவாசலை நினைத்துக் கிளம்பினாலும் இரண்டாங்கட்டைத் தாண்டாது. அது மட்டுமா? பழைய வீடு என்றால் நடுவில் வானம் பார்த்த முற்றம் இருக்கும். மழைத்தண்ணீர் விழுகிறது, வெயில் அடிக்கிறது, அங்கணக்குழி வழியாகத் தண்ணீர் ஓடுகிறது. அது வீட்டுக்குள்ளா வெளியிலா? நமக்குத் தெரியும். குட்டிக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

ஆகவே முதல் வேலை, குட்டியின் குடித்தனத்தைப் பின்கட்டுக்கு மாற்றுவது. அடுக்களைக்குப் பக்கத்தில், புறவாசல் கதவிலிருந்து பத்தடிக்குள் அதன் படுக்கையைப் போடுங்கள். பட்டாசாலைக்குப் போகிற வாசலில் ஒரு பலகையையோ மூங்கில் தட்டியையோ குறுக்கே வையுங்கள். பூஜை அறையைப் பற்றி அத்தைக்குக் கவலை இருந்தால், அதுவும் இதோடு தீர்ந்துவிடும். பாயைச் சுருட்டிப் பரண் மேல் போட்டுவிடுங்கள். கோரைப்பாய்க்குள் இறங்கிய வாடை எளிதில் போகாது, அந்த வாடைதான் குட்டியை மறுபடி மறுபடி அங்கே அழைக்கிறது. முழு வீட்டையும் அதற்கு இப்போதே கொடுக்க வேண்டியதில்லை. பின்கட்டில் இரண்டு வாரம் தரை நனையாமல் இருந்தால் இரண்டாங்கட்டைத் திறந்துவிடுங்கள். அங்கேயும் சரியாக இருந்தால் பட்டாசாலை.

அடுத்து, அதன் உடம்பு. கண் திறக்காத குட்டிகளுக்குத் தாய் நக்கிக் கொடுத்தால்தான் சிறுநீரும் மலமும் வரும். தாயே அதைச் சுத்தம் செய்துவிடும். மூன்று வாரம் ஆனதும் குட்டி தள்ளாடிக்கொண்டே படுக்கையை விட்டு விலகிப் போய்விட்டு வர ஆரம்பிக்கும். படுத்த இடத்தை அசிங்கப்படுத்தக் கூடாது என்கிற உணர்வு இப்படிப் பிறவியிலேயே அதற்கு உண்டு. நாம் புதிதாக ஒன்றும் கற்றுக் கொடுக்கப் போவதில்லை. படுக்கையை விட்டு விலகிப் போகிற பழக்கத்தைப் புறவாசல் வரைக்கும் நீட்டிக்கப் போகிறோம், அவ்வளவுதான்.

ஆனால் அடக்கி வைக்கிற தெம்பு மெதுவாகத்தான் வரும். குட்டியின் மாதக் கணக்கோடு ஒன்றைக் கூட்டினால், சும்மா இருக்கும்போது அது அதிகபட்சம் எத்தனை மணி நேரம் தாங்கும் என்று உத்தேசமாகத் தெரியும். உங்கள் குட்டிக்கு மூன்றரை மணி நேரம். விழித்து ஓடியாடுகிற நேரத்தில் ஒரு மணி நேரமே அதிகம். தூங்கி எழுந்த உடனே போகும். விளையாட்டின் நடுவில் போகும். தண்ணீர் குடித்த கொஞ்ச நேரத்தில் போகும். இரைப்பையில் சோறு விழுந்ததும் பெருங்குடல் அசையத் தொடங்கும் என்பதால், சாப்பிட்டு ஐந்து நிமிடத்திலிருந்து அரை மணி நேரத்துக்குள் மலம் கழிக்கும். இந்த நேரங்களில் நீங்கள்தான் தூக்கிக்கொண்டு போக வேண்டும், அது வந்து கூப்பிடும் என்று காத்திருக்கக் கூடாது. தரையை மோந்துகொண்டே வட்டம் போடுவது, விளையாட்டைப் பாதியில் விட்டு ஒரு மூலையைப் பார்த்துப் போவது, இதெல்லாம் கடைசி அறிவிப்பு. பார்த்த உடனே கையிலிருப்பதைப் போட்டுவிட்டுத் தூக்குங்கள்.

அடுக்களையில் வேலையாக இருக்கும்போது எப்படிப் பார்ப்பது என்று கேட்பீர்கள். நாலடிக் கயிற்றில் கட்டி, உங்கள் கண்ணில் படுகிற மாதிரி பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். கண் பார்வையில் இருந்தால் குட்டி தப்புப் பண்ண வாய்ப்பே கிடைக்காது. ஆள் பார்க்காமல் நாள் முழுக்கக் கட்டிப்போடுவது வேறு, அதைச் செய்யாதீர்கள்.

இனி, வெளியே கால் மணி நேரம் நின்றும் போகாமல் உள்ளே வந்து போகிறதே, அதைப் பார்ப்போம். புறவாசலில் வாழை இருக்கும், கோழி இருக்கும், அணில் ஓடும். சிப்பிப்பாறை கண்ணால் வேட்டையாடுகிற இனம். எதிரே ஒரு இலை அசைந்தால் வந்த வேலையை மறந்துவிடும். வீட்டுக்குள் வந்து, எல்லாம் அடங்கி, மனசு நிதானமான பிறகுதான் முட்டுவது அதற்கே தெரிகிறது. உங்களை ஏய்க்க அது அப்படிச் செய்யவில்லை.

இப்படிச் செய்து பாருங்கள். புறவாசலில் சுவரோரமாக ஒரு மூலையைத் தேர்ந்தெடுத்து நான்கடிக்கு நான்கடி ஆற்று மணலோ வெறும் மண்ணோ பரப்புங்கள். கல் பாவிய இடமோ சிமெண்டுத் தளமோ வேண்டாம். எட்டு, ஒன்பது வார வயதிலிருந்தே குட்டிகள் எந்தத் தரையில் போவது என்று காலால் பழகிக்கொள்கின்றன. இப்போது சிமெண்டில் பழகினால் நாளைக்குத் தட்டட்டியும் (மொட்டை மாடியும்) பட்டாசாலையும் அதற்கு ஒன்றுதான். வீட்டுக்குள் அது போனதைத் துடைத்த பழந்துணியை அந்த மணலில் போட்டு வையுங்கள், வாடை அங்கே இருக்கட்டும். குட்டியை நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு போய் அந்த மணலில் இறக்குங்கள். கயிற்றைப் பிடித்துக்கொண்டு சும்மா நில்லுங்கள். கொஞ்ச வேண்டாம், விளையாட வேண்டாம், போனில் பேச வேண்டாம். ஒரே ஒரு சொல்லைச் சொல்லுங்கள். "ஒண்ணுக்குப் போ" என்றால் வீட்டில் எல்லாரும் அதையே சொல்ல வேண்டும்.

போனால், அது முடித்து நிமிர்ந்த அந்த நொடியிலேயே, அங்கேயே, கடலை அளவு ஒரு துண்டு வாயில் கொடுங்கள். அவித்த முட்டையின் வெள்ளைக்கருவாக இருக்கலாம். அசைவம் புழங்காத வீடு என்றால் தோசைத் துணுக்கு போதும். உள்ளே வந்த பிறகு கொடுத்தால், உள்ளே வந்ததற்குக் கூலி என்று அது நினைத்துக்கொள்ளும். கொடுத்த பிறகு ஐந்து நிமிடம் அங்கேயே விளையாடவிடுங்கள். நிறையப் பேர் இங்கேதான் தவறு செய்கிறார்கள். குட்டி போன மறு நிமிடம் தூக்கிக்கொண்டு உள்ளே வந்துவிடுகிறார்கள். ஒன்றுக்குப் போனால் வெளியே இருக்கிற சுகம் முடிந்துபோகிறது என்று அது படித்துக்கொள்கிறது, அப்புறம் வேண்டுமென்றே அடக்குகிறது.

ஐந்து நிமிடம் நின்றும் போகவில்லையா? உள்ளே கொண்டு வாருங்கள், ஆனால் தரையில் விடாதீர்கள். மடியில் வைத்துக்கொள்ளுங்கள், அல்லது கயிற்றில் காலடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். பத்து நிமிடத்தில் மறுபடி அதே மணல். இரண்டாவது தடவையில் பெரும்பாலும் போய்விடும்.

இப்போது உங்கள் வீட்டுக்காரர் செய்வதைப் பற்றி. இதைக் கொஞ்சம் அழுத்தமாகவே சொல்கிறேன், அவரையும் படிக்கச் சொல்லுங்கள். சில வருடங்களுக்கு முன் ஒருவர் கன்னி இனத்து மூன்று மாத நாய்க்குட்டி ஒன்றைக் கொண்டு வந்தார். மேசை மேல் நிறுத்தி வயிற்றைத் தடவிப் பார்த்தேன், அமைதியாக நின்றது. ஊசி போட்டேன், முனகவில்லை. அவர் மேசையில் கிடந்த செய்தித்தாளைப் படிக்கக் கையில் எடுத்தார். அவ்வளவுதான். குட்டி காதை மடக்கி, வாலைத் தொடைக்குள் செருகி, மேசையோடு மேசையாக ஒட்டிக்கொண்டு சிறுநீர் விட்டது. அடியிலிருந்து வழிந்து மேசை விளிம்பில் சொட்டியது. அவர் முகத்தைப் பார்த்தேன், கலங்கிப் போயிருந்தார். அவர் கெட்டவர் இல்லை. அப்படித்தான் பழக்க வேண்டும் என்று யாரோ சொன்னதைச் செய்திருக்கிறார்.

மூக்கைத் தேய்ப்பதும் அடிப்பதும் குட்டிக்கு எதைச் சொல்லிக் கொடுக்கின்றன தெரியுமா? இந்த மனிதர் எதிரில் போகக் கூடாது என்பதை மட்டும்தான். அதனால்தான் பத்தாயத்துக்குப் பின்னால் போகிறது. நீங்கள் வெளியே கூட நிற்கும்போதும் போக மறுப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஐந்து நிமிடத்துக்கு முன்னால் செய்ததையும் இப்போது விழுகிற அடியையும் அதனால் முடிச்சுப் போட முடியாது. வீட்டுக்குள் போய்க்கொண்டிருக்கும்போதே பார்த்துவிட்டால், ஒரு கை தட்டி, "வா வா" என்று சொல்லி, அப்படியே தூக்கி மணலில் இறக்குங்கள். மிச்சத்தை அங்கே போனால் துண்டு கொடுங்கள். போய் முடித்த பிறகு பார்த்தால், பேசாமல் துடைத்துவிட்டு வேறு வேலையைப் பாருங்கள்.

அவர் வந்ததும் நின்ற இடத்திலேயே விடுகிறதே, அது வேறு விஷயம். வீட்டுப் பழக்கத்தோடு அதற்குச் சம்பந்தம் இல்லை. "நான் சின்னவள், என்னை ஒன்றும் செய்துவிடாதே" என்று பெரிய நாயிடம் குட்டி சொல்கிற விதம் அது. அதற்குத் திட்டினால் இன்னும் அதிகமாகக் கெஞ்சும், இன்னும் அதிகமாக விடும். அவர் வருகிற நேரத்துக்குக் கால் மணி முன்னால் குட்டியை மணலுக்குக் கொண்டுபோய் வாருங்கள். அவர் வந்ததும் அதைப் பார்க்காமல், பேசாமல், கைகால் கழுவிவிட்டுப் புறவாசல் படியில் பக்கவாட்டாகத் திரும்பி உட்காரட்டும். குனிந்து தலைமேல் கை கொண்டுபோகக் கூடாது. குட்டி தானாக வந்து மோந்து பார்க்கும். அப்போது மோவாய்க்கு அடியில் மெல்லச் சொறிந்துவிடட்டும். சாயங்காலச் சோற்றை அவர் கையாலேயே வைக்கட்டும். சிப்பிப்பாறையும் கன்னியும் ஒட்டினால் உயிராக ஒட்டுகிற நாய்கள், அதே அளவுக்கு மனம் ஒடிகிற நாய்களும்கூட. இரண்டரை மாதத்தில் பயந்தது சீக்கிரம் மறந்துவிடும், இப்போதே மாற்றிக்கொண்டால்.

சாரல் விஷயத்தில் குட்டி சொல்வதில் நியாயம் இருக்கிறது. கரிசல் காட்டு வெயிலில் வளர்ந்த இனம். முடி கட்டை, தோலுக்கடியில் கொழுப்பும் குறைவு. தென்காசிச் சாரல் நமக்குச் சுகம், அதற்கு நடுக்கம். அந்த மணல் மூலைக்கு மேல் நாலு கம்பு நட்டு ஒரு தகரத்தையோ ஓலைத் தட்டியையோ போட்டுவிடுங்கள். மணல் காய்ந்திருக்கும், வாடையும் கரைந்து போகாது. ஐப்பசி, கார்த்திகை அடைமழைக்கும் அது உதவும். வந்ததும் பழந்துண்டால் காலைத் துடைத்துவிடுங்கள்.

உள்ளே நனைந்த இடத்தைச் சுத்தம் செய்யும்போது பினாயிலையும் அமோனியா கலந்த திரவங்களையும் தவிருங்கள். பினாயில் குட்டியின் காலில் பட்டு, அது நக்கினால் உடம்புக்கு ஆகாது. அமோனியா வாடை சிறுநீர் வாடை போலவே இருப்பதால் மறுபடி அங்கேயே போகச் சொல்லும். முதலில் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, சோப்புத்தூள் கரைத்த வெந்நீரால் கழுவித் துடையுங்கள். வினிகர் நல்லது என்று சொல்வார்கள். உங்கள் வீட்டில் சிவப்புச் சிமெண்டுத் தரையோ மொசைக்கோ இருந்தால் புளிப்பு பட்டு மினுமினுப்பு போய்விடும், வேண்டாம். செல்லப்பிராணிக் கடைகளில் என்சைம் திரவம் கிடைக்கிறது, வாடையை அடியோடு எடுக்க அதுதான் சிறந்தது. பத்தாயத்துக்குப் பின்னால் கட்டாயம் செய்யுங்கள்.

வாய்க்கால் கரைக்கு இப்போது கூட்டிப் போகவே கூடாது. மற்ற நாய்கள் மலம் கழித்த மண்ணில் பார்வோ கிருமி மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். வயிற்றுப்போக்கில் ரத்தமாகப் போய் இரண்டு மூன்று நாளில் குட்டியைக் கொண்டுபோகிற நோய் அது. வயல்காட்டு எலிகளின் சிறுநீர் கலந்த தண்ணீரால் எலிக்காய்ச்சல் வரலாம், அது உங்களுக்கும் தொற்றும். ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை, பதினாறு வாரம் முடியும் வரை பார்வோ உள்ளிட்ட நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசி போட வேண்டும். மூன்று மாதம் நிறைந்ததும் வெறிநாய்க்கடித் தடுப்பூசி. இவை முடிந்து இரண்டு வாரம் போகட்டும், அப்புறம் வாய்க்கால், தோப்பு எல்லாம் பார்க்கலாம். அதுவரை உங்கள் சொந்தப் புறவாசல்தான். மணலில் விழுகிற மலத்தை அன்றன்றைக்கே அள்ளி, பிள்ளைகள் புழங்காத இடத்தில் குழி தோண்டி ஆழப் புதையுங்கள். கொக்கிப்புழுவின் குஞ்சுகள் வெறுங்காலில் நடக்கிற பிள்ளைகளின் தோல் வழியாகவே ஏறும். மூன்று மாதம் வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பூச்சி மருந்து, அதற்கப்புறம் ஆறு மாதம் வரை மாதம் ஒருமுறை.

பால்சோறு கொடுக்கிறீர்களா? எழுதவில்லை, ஆனாலும் கேட்கிறேன், ஏனென்றால் நம் ஊரில் குட்டி என்றாலே பால்சோறுதான். பசும்பால் பல குட்டிகளுக்குச் செரிக்காமல் இளகிப் போகும். வயிறு இளகிய குட்டிக்கு எந்த நேரக் கணக்கும் நிற்காது. அப்படியிருந்தால் பாலை நிறுத்திப் பாருங்கள். ஒரு நாளைக்கு நான்கு வேளை, தினமும் ஒரே நேரத்தில் வைத்து, கால் மணி நேரத்தில் தட்டை எடுத்துவிடுங்கள். சாப்பாடு நேரத்துக்கு உள்ளே போனால் நேரத்துக்கு வெளியே வரும். தண்ணீரை மட்டும் குறைக்காதீர்கள். தண்ணீர் கொடுக்காவிட்டால் ஒன்றுக்குப் போகாது என்று சிலர் கிண்ணத்தை ஒளித்து வைக்கிறார்கள், நம் வெயிலுக்கு அது கொடுமை.

ராத்திரிக்கு, படுக்கப் போகும் முன் பத்து மணிக்கு ஒரு தடவை, நடுவில் ஒன்று இரண்டு மணிக்கு ஒரு தடவை என்று இப்போதைக்கு எழுந்திருக்கத்தான் வேண்டும். குட்டி திரும்பிப் படுக்கிற அளவுள்ள ஒரு மரப்பெட்டியில் கோணியை விரித்து, முனகினால் காதில் விழுகிற தூரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பெரிய பெட்டி என்றால் ஒரு மூலையில் போய்விட்டு மறு மூலையில் படுத்துக்கொள்ளும்.

விடியற்காலைதான் முக்கியம். அங்கே உங்கள் அத்தையின் தயவு வேண்டும். வாசல் தெளித்துக் கோலம் போட வீட்டில் முதலில் எழுந்திருப்பது பெரும்பாலும் அவர்களாகத்தான் இருக்கும். வாளித் தண்ணீருக்குப் புறவாசல் கதவைத் திறக்கும்போதே குட்டியை மணலில் இறக்கிவிடச் சொல்லுங்கள். பகல் முழுக்க வீட்டில் இருப்பவர்களும் அவர்களே என்றால், தோசைத் துணுக்கு அவர்கள் கையிலேயே இருக்கட்டும். அவர்கள் சொன்னதும் குட்டி மணலில் உட்கார்ந்து போவதை நாலு தடவை அவர்களே பார்த்துவிட்டால், திருப்பிக் கொடுக்கிற பேச்சு தானாக நின்றுவிடும். என் அனுபவத்தில், நாய் வேண்டாம் என்று சொன்ன ஆச்சிமார்கள்தான் கடைசியில் அதைத் தேடித் தேடிச் சோறு வைக்கிறார்கள்.

எத்தனை நாள் என்று கேட்டிருந்தீர்கள். வீட்டில் எல்லாரும் ஒரே மாதிரி செய்தால் மூன்று நான்கு வாரத்தில் நல்ல மாற்றம் தெரியும். குட்டிக்கு நான்கு மாத வயதாகும்போது பெரும்பாலும் சரியாகிவிடும். ஆறு மாத வயது வரை அங்கொன்றும் இங்கொன்றும் நடக்கும், மனம் விட வேண்டாம். ஆனால் சொட்டுச் சொட்டாக அடிக்கடி போவது, முக்கி முக்கிப் போவது, சிறுநீரில் ரத்தம், புதிதாக ஒரு நாற்றம், தூங்கும்போதே தெரியாமல் ஒழுகுவது, இவற்றில் எது இருந்தாலும் பயிற்சியை விட்டுவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். பெட்டைக் குட்டிகளுக்குச் சிறுநீர்த் தொற்று எளிதில் வரும். பக்கத்து மருத்துவர் போதும், மேற்கொண்டு சோதனை தேவைப்பட்டால் திருநெல்வேலி இராமையன்பட்டிக் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டு வரலாம்.

நாளையிலிருந்து தினசரிக் காலண்டரில் கிழிக்கிற தாளின் பின்பக்கத்தில், அது சாப்பிட்ட நேரம், தூங்கி எழுந்த நேரம், போன நேரம், போன இடம் நான்கையும் குறித்து வையுங்கள். மூன்றாம் நாளே உங்கள் குட்டியின் கணக்கு உங்களுக்குப் பிடிபட்டுவிடும். இரண்டு வாரத் தாள்களையும் எனக்கு அனுப்புங்கள், எந்த நேரத்தில் தவறுகிறது என்று சேர்ந்து பார்க்கலாம்.